துள்ளும் ஆட்டின் தலை

1

2007 ஜனவரி 22, திங்கட்கிழமை, மாலை 4 மணி 40 நிமிடம். நமீபியாவின் விண்ட்ஹூக்கில் அப்போது வெயில் முப்பத்தொரு டிகிரி. கிழக்கே மேகம் திரண்டு நின்றது, மழை இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து, துணி உலர்ந்துவிட்டதா, எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவள் என் தங்கை பேச்சியம்மாள். சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் இருக்கிறாள்.

“அண்ணே, அவுகளக் கூட்டிட்டுப் போயிட்டாகண்ணே.”

“யார் கூட்டிக்கொண்டு போனார்கள்?” என்று கேட்டேன். பதற்றம் வந்தால் எனக்கு வாத்தியார் தமிழ் வந்துவிடும்.

“பாரஸ்டுக்காரக. நீங்க கொண்டாந்தீகள்ல ஒரு தல, அதையும் சாக்குல போட்டுத் தூக்கிட்டாக. மான வெடி வச்சுக் கொன்னாருன்னு கேசாம்.”

அது நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஆப்பிரிக்காவில் பதினைந்து வருடமாக இருப்பவன் ஊருக்கு எழுதுவதற்குச் சிங்கம், யானை என்று எவ்வளவோ உண்டு. எனக்கு இதை எழுதாமல் வேறெதையும் எழுத வரவில்லை.

2

நான் கணக்கு வாத்தியார். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, 1993இல் ஒப்பந்தத்தில் நமீபியாவுக்கு வந்தேன். மூன்று வருடம் என்றுதான் வந்தது. 2004இல் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருந்தால் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பேன் என்று என் மனைவிக்குத் தெரியும். “எங்கிட்டாச்சும் போயி எண்ணுங்க” என்றாள். அப்படித்தான் யோஹான் என்பவரின் பட்டறைக்குக் கணக்கு எழுதப் போனேன்.

அது வேட்டைத் தலைகளைச் சுத்தம் செய்யும் பட்டறை. ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அனுமதிச் சீட்டு வாங்கி இங்கே வேட்டைக்கு வருகிறார்கள். கறி பண்ணையோடு நின்றுவிடும். தலை எங்களிடம் வரும். நாங்கள் அதை வெள்ளை எலும்பாக்கிக் கொம்போடு பெட்டியில் அடைத்து அவர்கள் வீட்டுச் சுவருக்கு அனுப்பிவைப்போம்.

முதல் நாள் யோஹான் என்னைப் பார்த்து ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எதையோ கேட்டார். “கொப்” என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. கப் கேட்கிறார் என்று நினைத்துத் தேநீர்க் கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். கொப் என்றால் தலை. அவர் கேட்டது மேசையில் இருந்த குடூ மானின் தலையை. அந்தக் கோப்பையை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன். அதன் பிறகு இரண்டு மாதம் எல்லோரும் என்னிடம் தேநீர் வேண்டும்போது “ஒரு தலை கொடுங்கள்” என்றார்கள்.

வேலை கண்ணுக்குப் பழகியது. மூக்குக்குப் பழக ஒரு வருடம் ஆனது. தோலை உரித்து, கண்ணையும் நாக்கையும் எடுத்து, தலையைச் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் வேகவைப்பார்கள். கொதிக்க விடக் கூடாது. மெல்லக் குமிழியிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொதித்தால் மூக்கெலும்பு இலை மாதிரி கழன்று வந்துவிடும். கொம்பு என்பது மேலே ஓர் உறைதான். சூடு ஏறியதும் திருகினால் கழன்று வரும். உள்ளே எலும்புக் குருத்து இருக்கும். அதைத் தனியாகச் சுரண்ட வேண்டும். மூளையை வளைந்த கம்பியாலும் தண்ணீரைப் பீய்ச்சியும் எடுக்க வேண்டும். கொழுப்புப் போக நாள்கணக்கில் சோப்புத் தண்ணீர். கடைசியில் பெராக்சைடு நனைத்த பஞ்சை எலும்பெங்கும் ஒட்டி வெளுக்க வைப்பார்கள். அப்போது கொம்பில் ஒரு சொட்டுப் பட்டாலும் நிறம் போய்விடும். கொம்புக்கு அதன் சொந்த நிறம்தான் மதிப்பு. அதில் வேறு நிறம் ஏறினால் அந்தத் தலை கெட்டது என்று பட்டறையில் ஒதுக்கிவிடுவார்கள்.

என் வேலை காகிதம். ஒவ்வொரு தலையிலும் எண் அடித்த ஓர் அலுமினிய வில்லையைக் கம்பியால் கட்டுவேன். கீழ்த்தாடை தனியாகக் கழன்றுவிடும். அதற்கும் அதே எண். கால்நடை மருத்துவர் முத்திரை, வனத்துறை முத்திரை, கிருமி நீக்கிய முத்திரை என்று மூன்று வாங்கினால்தான் தலை நாட்டை விட்டுப் போகும். ஒரு முத்திரை சாய்ந்திருந்தால்கூட திரும்பி வரிசையில் நின்று வாங்கி வருவேன். மற்றவர்களின் தலை விஷயத்தில் நான் அவ்வளவு சுத்தம்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் மொழியில் “பொக்” என்றால் ஆடு. மானுக்கும் பொக்தான். இந்த நாட்டுப் புல்வெளியில் திரும்பின பக்கமெல்லாம் ஒரு சின்ன மான் நிற்கும். பயந்தால் நாலு காலையும் விறைத்துக்கொண்டு பந்து மாதிரி எகிறும். அதற்கு ஸ்பிரிங்பொக் என்று பெயர். சொல்லுக்குச் சொல் மாற்றினால் துள்ளும் ஆடு.

3

என் தங்கை புருஷன் பெயர் குருசாமி. என்னைவிட எட்டு வயது இளையவர். ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கட்டடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை. வெடிக் கலவையை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். உடம்பில் எப்போதும் வெள்ளிப் பொடி மினுங்கும்; கையைக் கழுவினாலும் போகாது.

அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் வெம்பக்கோட்டைப் பக்கம் காடு தட்டி வேட்டையாடப் போவார்கள். பத்திருபது பேர், நாலைந்து நாய். கிடைப்பது பெரும்பாலும் முயல், எப்போதாவது பன்றி. கறியை எல்லாருக்கும் சமமாகப் பங்கு வைப்பார்கள். ஆனால் தலை மட்டும் பங்கில் சேராது. எவன் முதலில் அடித்தானோ, எவன் நாய் முதலில் பிடித்ததோ, தலை அவனுக்கு. முயல் தலையில் ஒரு வாய்க் கறிகூடத் தேறாது. ஆனாலும் அதை ஓலையில் பொதிந்து ஊருக்குள் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவான் பாருங்கள், அந்த நடையே வேறு.

குருசாமிக்கு ஒருமுறைகூடத் தலை விழுந்ததில்லை. அவருடைய நாய் பெருச்சாளிக்குப் பயந்தது. இதைச் சொல்லி நான் அவரைக் கேலி செய்யாத வருடம் இல்லை.

2006 டிசம்பரில் நான் ஊருக்குப் போவதாக இருந்தது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு தொலைபேசியில் கேட்டேன்.

“மாப்ள, உமக்கு என்ன வேணும்? வாட்ச்சா, செண்டா?”

“தலைகளோடதானே மச்சான் பொழப்பு நடத்துறீக. ஒரு தலையக் கொண்டாங்க. சாகறதுக்குள்ள என் வீட்டுலயும் ஒரு தல இருந்துட்டுப் போகட்டும்.”

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான்தான் அதைப் பிடித்துக்கொண்டேன். பட்டறையில் ஒரு ஸ்பிரிங்பொக் தலை தேடுவாரின்றிக் கிடந்தது. அடித்தவர் பணமும் கட்டவில்லை, கடிதத்துக்குப் பதிலும் இல்லை. யோஹான், எடுத்துக்கொள் என்றார். மற்ற தலைகளுக்குக் கணக்கு மட்டும் எழுதிய நான், இதை மட்டும் என் கையால் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

“பொங்கச் சட்டியிலயா வேக வைக்கப் போறீக?” என்றாள் மனைவி, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு. சட்டிகள் அனைத்தையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு ஒரு பழைய பெயிண்ட் வாளியில் கொல்லைப்புறம் வைத்து வேகவைத்தேன். இரண்டு பல் விழுந்தன. பசை வைத்து ஒட்டினேன். சுண்டுவிரலில் பெராக்சைடு பட்டு ஒரு வாரம் வெளுத்துக் கிடந்தது. முடிந்ததும் எண் 417 என்று வில்லை கட்டி, பட்டறையின் சான்றிதழும் எழுதி யோஹானிடம் கையெழுத்து வாங்கினேன்.

மூன்று முத்திரைகளை மட்டும் வாங்கவில்லை. இந்தியாவுக்குள் கொண்டுபோக அங்கிருந்தும் அனுமதி வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் ஆகும் என்பதும் தெரியும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஒரு சின்னத் தலைதானே என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போது கூட “இருந்துவிட்டேன்” என்றுதான் கை எழுதுகிறது. தெரிந்தேதான் செய்தேன்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டி கருவிக்குள் போனது. திரையைப் பார்த்த அதிகாரி இளவயதுக்காரர். முகத்தில் சிரிப்பு.

“என்ன சார் இது, ஆட்டுத் தலையா?”

“ஆமா சார். ஆட்டுத் தலைதான். அலங்காரத்துக்கு.”

“ஆப்பிரிக்காவுல இருந்து ஆட்டுத் தலையா!” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்துவிட்டு என்னைப் போகச் சொன்னார். வெளியே வந்து டாக்சியில் உட்கார்ந்ததும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: பொக் என்றால் ஆடுதானே, பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

4

குருசாமி அந்தத் தலையை இரண்டு கையாலும் வாங்கினார். கைக்குழந்தையை வாங்குவது போலக் கழுத்துக்குக் கீழே கை கொடுத்து வாங்கினார். அதற்குத்தான் கழுத்தே இல்லை.

“என்னா வெள்ளை! மச்சான், சுண்ணாம்பு அடிச்சீகளா?”

“பெராக்சைடு மாப்ள.”

“அது எங்க கம்பெனில கெடையாது. பேரியம் இருக்கு, பொட்டாசு இருக்கு. இது எந்தக் கலருக்கு?”

“எந்தக் கலரும் வராது. வெள்ளையாக்கும், அவ்வளவுதான்.”

வாசல் நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். பேச்சி தள்ளி நின்று பார்த்துவிட்டு, “கண்ணு பட்டுச்சுன்னா இது போக்கும்ணே” என்று சமாதானம் ஆனாள். கம்பி துருப்பிடித்து எலும்பில் கறை இறங்கும் என்று சொல்லி வில்லையை அவிழ்த்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை எங்கே வைத்தாள் என்று கேட்கவில்லை. பட்டறையில் ஒரு வில்லை கீழே விழுந்தால் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடுகிறவன் நான்.

ஜனவரி 2ஆம் தேதி எனக்கு விமானம். “பொங்கலுக்கு இருந்துட்டுப் போங்களேன்ணே” என்றாள். டிக்கெட்டை மாற்றினால் அபராதம் என்று கிளம்பிவிட்டேன்.

5

நான் போன பிறகு நடந்ததைப் பேச்சி தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னாள். கோவைப்படுத்தி எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கல் அன்று குருசாமி மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்தார். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை. டப்பாவில் மிச்சம் இருந்தது. அண்ணாந்து பார்த்தார், வாசலுக்கு மேலேயும் இரண்டு கொம்பு இருந்தது. ஒன்றுக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் அடித்து, நுனிக்குக் கம்பெனியிலிருந்து ஒட்டி வந்த வெள்ளிப் பொடியைக் குழைத்துப் பூசினார். நெற்றியில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வீடு பஸ் போகிற சாலையில் இருக்கிறது. போன பஸ், வந்த பஸ் எல்லாம் பார்த்தன.

டீக்கடையில் கேட்டார்கள். “என்ன குருசாமி, தல புதுசா இருக்கு? எங்கன புடிச்ச?”

மச்சான் கொண்டுவந்து கொடுத்தார் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலை அடித்தவனுக்கு உரியது. அடுத்தவன் அடித்த தலையை வாசலில் மாட்டுகிறவன் எங்கள் ஊரில் ஆளே இல்லை. முப்பது வருடமாகக் கேலி பேசியவர்களில் பாதிப் பேர் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நாந்தேன் அடிச்சேன்” என்றார்.

“ஏலே, நீயா? உன் நாயி செத்து இருவது வருசமாச்சேடா!”

“நாயி எதுக்குலே? கை இருக்கு.”

அதன் பிறகு நாலைந்து நாள் அவர் தேநீருக்குக் காசு கொடுக்கவில்லை. மற்றவர்கள் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் பார்த்தவர்களில் ஒருவர் வனத்துறைக் காவலர். திங்கட்கிழமை காலை ஜீப்பில் ரேஞ்சரோடு வந்தார். டீக்கடையில் விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பெயிண்ட் அப்பிய கொம்பில் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மான்.

“நீதான் அடிச்சியா?” என்று ரேஞ்சர் கேட்டபோது ஊரே சுற்றி நின்றது. குருசாமி ஆமாம் என்றார். அடுத்த கேள்விக்குத்தான் அவர் தயாராக இல்லை.

“உன்கிட்ட துப்பாக்கி கிடையாது. எதுல அடிச்ச?”

ரேஞ்சரின் கண் குருசாமி கையில் மினுங்கிய வெள்ளிப் பொடிக்குப் போனது.

“மருந்துல வேலை பாக்குற ஆளு. வெடி வச்சியா? மருந்து எந்தக் கம்பெனில எடுத்த?”

அந்த இடத்தில்தான் மனிதருக்கு உயிரே போனது. ஒரு மானுக்கு வழக்கு என்பது ஒரு மாதிரி. கம்பெனி மருந்தை வெளியே கொண்டுபோய் வெடி கட்டினான் என்பது வேறு. உரிமம் போகும், அதை நம்பியிருக்கும் முந்நூறு பேருக்கு வேலை போகும். “ஐயா, நான் அடிக்கல, என் மச்சான் ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்தாரு” என்று அப்போது உண்மையைச் சொன்னார். ஊரே சிரித்தது. ரேஞ்சரும் சிரித்திருப்பார். ஜீப்பில் ஏற்றினார்கள்.

6

பேச்சி கேட்டது ஒன்றே ஒன்று. “அது ஒங்க நாட்டுத் தலைன்னு ஒரு பேப்பர் அனுப்புங்கண்ணே. வக்கீலு அதக் காட்டுனா விட்டுருவாகளாம்.”

எண்ணும் ஸ்பிரிங்பொக் என்ற பெயரும் மட்டும் உள்ள பட்டறைச் சான்றிதழ் என் மேசையிலேயே இருந்தது. ஆனால் அதை மட்டும் அனுப்பினால் போதாது. அது எப்படிப் புதுப்பட்டிக்கு வந்தது என்று நான் எழுத வேண்டும். எழுதினால், அனுமதி இல்லாமல் கொண்டுவந்தேன் என்றும், அதிகாரி கேட்டபோது ஆடு என்று சொன்னேன் என்றும் ஆகும். எனக்கு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். அக்டோபரில் புதுப்பிக்க வேண்டும். இந்த நாட்டு நிரந்தர வசிப்பிட உரிமையும் அதில்தான் ஒட்டியிருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் பாஸ்போர்ட் முடங்கினால் என்ன செய்வது என்று இரண்டு நாள் அறைக்குள் நடந்தேன். அவர்தானே தான் அடித்ததாகச் சொன்னார், நானா சொல்லச் சொன்னேன் என்று மனைவியிடம் கோபப்பட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். இந்தப் பட்டறையில் எண் 417 உள்ள தலை “துள்ளும் ஆடு என்னும் பிராணியின் தலை” என்றும், “அன்பளிப்பாக உறவினருக்குச் சேர்ந்தது” என்றும் எழுதினேன். யார் கொண்டுவந்தார், எப்படிக் கொண்டுவந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. மான் என்ற சொல் எங்கேயும் இல்லை. சான்றிதழோடு சேர்த்து வக்கீலின் அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். விமான நிலையத்தில் சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். கணக்கில் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.

மறுநாள் வழக்கு வந்தது. பேச்சி அழுதுகொண்டே சொன்னாள்.

“ஆட்டுக்கு எதுக்கும்மா ஆப்பிரிக்காவுல இருந்து சர்ட்டிபிகேட்டுன்னு அந்த ரேஞ்சரு கேக்காருண்ணே. கோர்ட்டுல எல்லாரும் சிரிச்சுட்டாக. இது ஆளத் தப்பிக்க வைக்க ஜோடிச்ச பேப்பரு மாதிரி இருக்குங்கிறாக. நம்பரு எங்கன்னு கேட்டாக. என்ன நம்பருண்ணே? எனக்கு ஒண்ணும் தெரியலையே. பெயில் இல்லன்னுட்டாக. இப்ப வெடிக் கேசையும் சேக்கப் போறதாப் பேசிக்கிடுறாக.”

“வக்கீல் என்ன சொல்கிறார்?”

“ஒங்க அண்ணன் வாத்தியாருதானே, நேரா எழுதத் தெரியாதான்னு கேக்காரு.”

கம்பெனியிலிருந்தும் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம்: வழக்கு முடியும்வரை குருசாமி அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று.

7

என் மகள் கேப்டவுனில் இருக்கிறாள். நாங்கள் வைத்த பெயர் தமிழ்ச்செல்வி. அங்கே எல்லோருக்கும் டாமி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் பேசுவாள். நான் ஆங்கிலத்தில் பேசினால் கண்டிப்பாக இருக்கிறேன் என்று வருத்தப்படுவாள். தமிழில் பேசினால் பாதி புரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். பிறகு அவள் என்னைக் கேட்டாள்.

“அப்பா, நீங்க என்ன எழுதினீங்க?”

“ஆடு என்று எழுதினேன்.”

“ஆடுன்னா?”

“பொக்.”

“கரெக்ட்தானே அப்பா? ஸ்பிரிங்பொக் ஒரு பொக்தானே? அப்புறம் ஏன் மாமாவை விடலை?”

அவள் எட்டு வயதில் இங்கே வந்தவள். மிருகங்களின் பெயரையெல்லாம் இங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆடு, மான் என்று எனக்கு இரண்டாக இருப்பது அவளுக்கு ஒன்று. சரி, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

“இல்லம்மா. தமிழில் ஆடு வேறு, மான் வேறு. ஆடு வீட்டில் வளர்ப்பது. அறுக்கலாம், விற்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். மான் காட்டில் இருப்பது, தொட்டால் ஜெயில். ஸ்பிரிங்பொக் என்பது தமிழில் மான்தான். எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் மான் என்றுதான் சொல்லும்.”

யோசித்துவிட்டு, குற்றம் சொல்லும் குரலே இல்லாமல், சந்தேகம் கேட்பது போல் கேட்டாள்.

“அப்போ ஆடுன்னு நீங்க எழுதினது தப்பா, அப்பா? தெரிஞ்சா எழுதினீங்க?”

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன் நான். “அம்மாவிடம் கொடுக்கிறேன்” என்று தொலைபேசியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முழுவதையும் எழுதினேன். இது நமீபியாவின் மான். இந்தியாவில் இல்லாத இனம். இதைச் சுத்தம் செய்தவன் நான். அனுமதி வாங்காமல் பெட்டியில் கொண்டுவந்தவன் நான். விமான நிலையத்தில் ஆடு என்று சொன்னவன் நான். குருசாமிக்கு இதில் எதுவும் தெரியாது. தாடையில் ஒட்டிய இரண்டு பல் எவை என்று எழுதினேன். அடையாளமாக, ஐம்பது காசு அளவில் 417 என்று எண் அடித்த அலுமினிய வில்லை அந்த வீட்டில்தான் எங்கோ இருக்கும் என்றும் எழுதினேன்.

உறுதிமொழிப் பத்திரத்துக்கு இங்கே காவல் நிலையத்தில்தான் கையெழுத்து வாங்குவது; பக்கத்து நிலையத்துக்குப் போனேன். கைவிலங்கைத் தவிர எல்லாவற்றையும் எதிர்பார்த்துப் போனேன். மேசையில் இருந்த பெண் காவலர், எழுதியது உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றேன். முத்திரை குத்தினார். எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டேன். “இதற்கெல்லாம் இங்கே பணம் கிடையாது, தாத்தா” என்றார்.

8

கூரியர் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. வக்கீல் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த பேச்சி, வில்லை என்று வந்ததும் எழுந்துவிட்டாளாம்.

“அதா! அது கன்னுக்குட்டி கழுத்துலல்ல கெடக்கு! பளபளன்னு இருந்துச்சு, பொங்கலுக்கு மணியோட சேத்துக் கட்டிவிட்டேன்.”

ரேஞ்சர் நேரில் வந்து, கன்றுக்குட்டியின் தாடையைத் தூக்கிப் பிடித்து எண்ணைப் பார்த்தார். அவர் பொல்லாத மனிதர் அல்ல. “இத முதக் கடுதாசியிலயே எழுதியிருந்தா அந்தாளு வீட்டுல இருந்துருப்பாருல்ல?” என்று மட்டும் சொன்னாராம். பெயிண்டைக் கரைத்து எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை குருசாமி ஜாமீனில் வெளியே வந்தார். சில மாதத்தில் அது இந்திய மானே அல்ல என்று முடிவு வந்து, வெடி வழக்கின் பேச்சும் நின்றது.

கம்பெனி மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. மருந்துக் கட்டடத்தில், கோர்ட்டு வரைக்கும் வெடிப் பேச்சுப் போன ஓர் ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்? இப்போது ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு தோட்டத்துக்குக் காவல் இருக்கிறார். கையில் வெள்ளிப் பொடி ஒருவழியாகப் போய்விட்டது என்று பேச்சி சொன்னாள்.

ஜாமீனில் வந்த வாரம் அவரிடம் பேசினேன். என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன்.

“மாப்ள, நான் முதலிலேயே...”

“விடுங்க மச்சான். உள்ள சாப்பாடு ஒண்ணும் மோசமில்ல. ஒங்க தங்கச்சி சமையலுக்குத் தேவல.”

“நான் அந்த ஆடு என்று எழுதாமல் இருந்திருந்தால்...”

“ஊருக்குள்ள இப்ப எனக்கு என்ன பேரு தெரியுமா? ஆட்டுத்தல. டீக்கடைக்குப் போனா, ‘ஆட்டுத்தலைக்கு ஒரு டீ போடு’ங்கிறானுக. நான்கூட மான்தல குருசாமின்னு பேரு வாங்கிச் செத்துரலாம்னு பாத்தேன்.” சிரித்தார். பிறகு, “ஒங்க எழுத்துலதானே மச்சான் அப்பிடி இருந்துச்சு” என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

இழந்த சம்பளத்துக்கு, மீதி சீசன் வரைக்குமாவது, நான் பணம் அனுப்புகிறேன் என்றேன். எவ்வளவு என்றும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

“வேண்டாம்.”

“ஏன் மாப்ள?”

“தலைக்கு ரூவா வாங்குனா நான் வேட்டைக்காரனா, கறிக்கடைக்காரனா? வைங்க போன.”

மூன்று முறை வெவ்வேறு வழியில் அனுப்பிப் பார்த்தேன். மூன்று முறையும் திரும்பி வந்தது. பேச்சியிடம் கொடுத்தால் வாங்குவாள் என்று நினைத்தேன். “அவுக வேண்டாம்னா வேண்டாம்ணே” என்றாள். இப்போதும் பேசுகிறோம். பொங்கலுக்கு இந்த வருடமும் அழைத்தார்கள். மாடுகளின் கொம்புக்கு இந்த முறை பெயிண்ட் அடிக்கவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. தலை இன்னும் வனத்துறை அலுவலகத்து அலமாரியில் இருக்கிறது. கொம்பின் வரிகளுக்குள் கொஞ்சம் பச்சை மிச்சம் இருக்கிறதாம்.

அக்டோபரில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனேன். படிவத்தில் உள்ளதைத் தவிர யாரும் எதையும் கேட்கவில்லை. சுங்கத்திலிருந்தும் இன்றுவரை ஒரு கடிதம் இல்லை. அபராதம் இல்லை. வக்கீல் கட்டணத்தைக்கூட குருசாமி ஒரு மாட்டை விற்றுக் கட்டிவிட்டார்.

ஆடு என்று எழுதிய ஃபேக்சுக்கு இருபத்தெட்டு. மான் என்று எழுதிய கூரியருக்கு நானூற்றுப் பன்னிரண்டு. ஆக எனக்கு ஆன செலவு நானூற்று நாற்பது நமீபிய டாலர்.